பழக்கொட்டைப் பட்டையின் ஓரத் தூள் யாருக்கு? (இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு)

'இத்துறையில் இதுவரை எவரும் ஆராயவில்லை' என்று எழுதிவிட்டுத்தான் ஆய்வேட்டைத் தொடங்க வேண்டும் என்பது மரபு. எழுதிவிட்டேன். ஏன் எவரும் ஆராயவில்லை என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எல்லை: வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், தெற்கே இராஜபாளையம், மேற்கே மலை, கிழக்கே பெரியம்மா வீடு.

ஆய்வுப் பொருள், கொட்டையும் உலர்பழமும் சேர்த்து வீட்டில் தட்டிப் போடும் பட்டை. ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் இதை 'எனர்ஜி பார்' என்பார்கள். பெரியம்மா 'அந்தக் கடலை மிட்டாய்' என்பார்.

தொன்மை: இதைச் சங்க காலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தரப்பு துடிக்கிறது. நிலக்கடலையும் முந்திரியும் தென்னமெரிக்காவில் பிறந்து, கொலம்பசுக்குப் பிறகே கடல் தாண்டியவை என்பது சிறு தடை. 'அது வேறொரு கொட்டையாகவும் இருந்திருக்கலாம்' என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளை ஒரே மூச்சில் கடந்துவிடலாம். நம் அறிஞர்கள் இதைவிட அகலமான பள்ளங்களையே தாண்டியிருக்கிறார்கள்.

பழமும் கொட்டையும் உண்பதில் இவ்வட்டாரத்தின் மூத்த குடி சாம்பல் நிற மலை அணில் (ரட்டூஃபா மாக்ரூரா). 1988-ல் அதற்கென்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021-ல் அந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. கிளை கிளையாகத் தாவி உழைத்தது அணில், பெயர்ப் பலகையில் முதலில் நிற்பது புலி. நெறியாளரோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வகைப்பாடு: பட்டைகள் பாகு வகை, பேரீச்சை வகை என இரண்டு. ஓட்ஸ் சேர்ப்பதும் உண்டு. அது பற்றி எழுதுவதாக இல்லை. சப்பட்டை மாம்பழத்தைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கரண்டியால் சாப்பிட்டார்கள்.

பேரீச்சை வகையில் சர்ச்சைக்கு இடமில்லை. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தை நெய் விட்டு வாணலியில் மசித்தால் அதன் இனிப்பே பசையாகும். வறுத்துத் தோல் புடைத்த கடலை, உடைத்த முந்திரி, உலர்திராட்சை, எள் எல்லாவற்றையும் போட்டுப் புரட்டி, நெய் தடவிய தட்டில் டம்ளர் அடியால் அழுத்தினால் முடிந்தது. இவ்வளவு எளிதாக முடிவதை ஆய்வுலகம் ஏற்பதில்லை.

பாகு வகையே ஆய்வுக்குத் தக்கது. காய்ச்சிய வெல்லத்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, உருட்டி எடுத்துத் தட்டில் எறிந்தால் 'டங்' என வேண்டும் என்கிறது ஒரு பள்ளி (பெரியம்மா, வாய்மொழி, அடுப்படி). 'டக்' போதும் என்பது மாற்றுப் பள்ளி (சித்தி, அதே அடுப்படி, அதே நேரம்). இரு பள்ளிகளும் வாதிட்டு முடிப்பதற்குள் பாகு கருகிவிடுவதால் முடிவு எட்டப்படவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல். நடுவில் அகப்பட்ட வீட்டுப் பட்டைக்கு எவர்சில்வர் டப்பாவும் 'தொடாதே' என்ற சீட்டும்தான். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் வெளித்தேர்வாளர் பையில் ஏறுவதும் பால்கோவாதான். பட்டை ஏறியதாகச் சான்றில்லை. ஏறியிருந்தால் கேள்விகள் இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

இனி மையச் சிக்கல். வெட்டும்போது ஓரத்தில் உதிரும் தூள் யாருக்கு?

தட்டில் கொட்டிய பாகு இளஞ்சூடாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டால் துண்டுகள் சுத்தமாகப் பிரியும். ஆறிய பின் வெட்டினால் நொறுங்கும். இது எல்லா வீட்டிலும் தெரியும். தெரிந்தும் கத்தி பிடிப்பவர் ஏன் 'இருக்கட்டும், ஆறட்டும்' என்கிறார்? நொறுங்கல் விபத்தல்ல, திட்டம் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

இதில் மூன்று கொள்கைகள் உள்ளன. வெட்டியவருக்கே தூள் என்பது கத்தியுரிமைக் கொள்கை (பெரியம்மா, மேற்படி, குரலை உயர்த்தி). கிளறியவருக்கே என்பது கரண்டியுரிமைக் கொள்கை (சித்தி, மறுப்புரை, கதவைச் சாத்தியபின், கேட்டு எழுதியவர் கூடத்தில் இருந்ததால் இரு சொற்கள் விடுபட்டன). மூன்றாவது, தட்டைக் கழுவுபவருக்கே என்பது. இதற்கு ஆதாரம் வலுவானது (கடலை மடித்து வந்த பொட்டலத் தாள், முன்னும் பின்னும் இல்லாத பிரதி, எண்ணெய்க் கறையால் திருத்திய இரண்டாம் பதிப்பு, பக்க எண் இருந்த இடத்திலுள்ள ஓட்டை எறும்பின் பாடபேதம்). ஆதாரம் வலுவாக இருந்தும் தட்டைக் கழுவ யாரும் முன்வராததால் இக்கொள்கை வழக்கொழிந்தது.

எறும்பேறிய தூள் மூலமா, இடைச்செருகலா என்றொரு வினாவும் உண்டு. எறும்பை ஊதிவிட்டால் மூலம் மீளும் என்பர் பதிப்பாசிரியர்கள். ஊதும்போது மூலமும் சேர்ந்து பறந்த பதிப்புகளை நாம் அறிவோம்.

இத்தனை தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்து, சர்ச்சைக்குரிய தூள் முழுவதையும் ஆய்வு மாதிரியாக இவ்வாய்வாளரே கையகப்படுத்தினார். மாதிரி சிறிதாக இருப்பதாகக் கருதியதால் இரண்டு முழுத் துண்டுகளும் நொறுக்கிச் சேர்க்கப்பட்டன. முடிவுகளை மறுஆய்வு செய்யக் கோரி வீட்டின் கடைக்குட்டி பெரியம்மாவிடம் முறையிட்டிருக்கிறது. மாதிரி கைவசம் இல்லை.