வெளக்கு எரியுது, காத்தைக் காணோம்!

வா கண்ணு, உக்காரு. மூஞ்சி ஏன் இப்பிடித் தொங்குது? கம்ப்யூட்டர் கேபினட்ல காத்தாடி சுத்தலையா? அட, இதுக்கா ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சே? விண்டோசை அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்தினயாமே, உங்கம்மா சொன்னா. சபாஷ்! சீக்கு காத்தாடிக்கு, வைத்தியம் விண்டோசுக்கு. அடுத்தாப்புல ஜோசியரைக் கூட்டியாந்து வாசக்காலை மாத்தி வெய்யி. அதுவும் இதே அளவுக்குப் பலன் குடுக்கும்.

அப்புச்சிக்கு என்ன தெரியும்னு நெனைக்கறே, அதுவும் சரிதான். கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டிக் காலந்தள்ளினவன் நான். ஆனா உன்ற பொட்டிக்குள்ள சுத்தறதும் ஒரு மோட்டார்தானே, சாமி? 120 மில்லிமீட்டர் அகலம், 12 வோல்ட் டி.சி., இழுக்கறது பெரும்பாலும் கால் ஆம்பியருக்குள்ள. அது சுத்தாம நிக்கறதுக்கு பெரும்பாலும் மூணு காரணந்தான். ஒண்ணு, சுத்த விடாம என்னமோ புடிச்சிருக்குது. ரெண்டு, கரண்டு வந்து சேரலை. மூணு, கரண்டு இருந்தும் ‘சும்மா இரு’ன்னு மேலிடத்து உத்தரவு. இதுல எதுன்னு தெரியாமப் புதுக் காத்தாடிக்கு ஆர்டர் போடற கை இருக்குது பாரு, அந்தக் கையைத்தான் ஆன்லைன் கடைக்காரன் தெனமும் கும்புடறான்.

மொதல்ல சுவிச்சை அமத்து. பிளக்கைப் புடுங்கு. இப்ப எறக்கைய ஒத்தை வெரல்ல ஒரு தட்டுத் தட்டு. நாலஞ்சு சுத்துச் சுத்தி மெல்ல நின்னா பேரிங் சொகமா இருக்குது. தட்டின எடத்துலயே நின்னாலோ, கரகரன்னு சத்தம் வந்தாலோ சீக்கு அங்கதான்.

நம்மூட்டு சீலிங் ஃபேன் உறுமிக்கிட்டு நிக்கறப்ப ஒரு குச்சில தள்ளி விடுவோம். சுத்துச்சுன்னா கெப்பாசிட்டர் போச்சுன்னு அர்த்தம். அந்த நெனப்புல இதுக்குள்ளயும் கெப்பாசிட்டரைத் தேடாத. இது வேற சாதி மோட்டார். காயில் நகராது, காந்தந்தான் சுத்தும். எறக்கைக்கு நடுவால இருக்கற கிண்ணத்துக்குள்ள வளையமாக் காந்தம் ஒட்டியிருக்கும். காந்தத்தோட எந்த முனை எதுக்க வந்து நிக்குதுன்னு பாத்துச் சொல்ல ஒரு ஹால் சென்சார். அது சொல்றதைக் கேட்டுக் காயிலுக்குக் கரண்டைத் திருப்பித் திருப்பிக் குடுக்க ஒரு சிப். கார்பன் பிரஷ்ஷே கெடையாது, தேய்ஞ்சு போச்சுன்னு நீ சாக்குச் சொல்லவும் வழியில்ல.

ஒரு வெட்டு வெட்டுது, நிக்குது, கொஞ்சம் பொறுத்து மறுபடி வெட்டுதுங்கறயா? பேயும் இல்ல, பிசாசும் இல்ல. எறக்கை சிக்கியிருக்குதுன்னு தெரிஞ்சா, காயில் வெந்துபோயிருமேன்னு அந்தச் சிப்பே கரண்டை நிறுத்திப்போடும். சில நொடி கழிச்சு இன்னொருக்கா முயற்சி பண்ணும். இத்துனூண்டு சிப்புக்கு இருக்கற நிதானம் நேத்து ராத்திரி உனக்கு இருந்திருந்தா, விண்டோசு பொழைச்சிருக்கும்.

சிக்கினது எதுன்னு பாரு. கண்ணாடிக் கதவு வெச்ச கேபினட்தான் வேணும்னு மூணு வேளை சோறு திங்காம அடம்புடிச்சு வாங்கினே. கண்ணாடி வழியாத் தெரியற ஒயரையெல்லாம் ஜோரா அடுக்கினே. மிச்சத்தைக் காத்தாடிப் பக்கமாச் சொருகினே. ஒரு ஒயரு எறக்கையத் தொட்டாப் போதும், நின்னுபோகும். திருப்புளி கையில இருக்குதுன்னு திருகாணிய முறுக்கி முறுக்கி ஏத்தினாலும் சட்டம் கோணி எறக்கை ஒரசும். அரைச் சுத்துத் தளத்திப் பாரு.

தூசி இருந்தா பெயிண்டு பிரஷ்ஷால தட்டி எடு. ப்ளோயர் அடிக்கறதா இருந்தா எறக்கைய வெரல்ல புடிச்சுக்க. காத்துல விர்ர்ருனு சுத்தறதைப் பாத்துக் கைதட்டினீனா பேரிங்கோட ஆயுசும் போகும். காந்தம் சுத்தினாக் காயில்ல கரண்டு பொறக்கும், அது மதர்போர்டு வரைக்கும் போய் எட்டிப் பாத்தாலும் பாக்கும்.

பேரிங் கரகரங்குதுன்னா எண்ணெய் விடலாமான்னு கேப்பே. ஸ்லீவ் பேரிங் போட்ட காத்தாடியா இருந்து, முதுகுல இருக்கற ஸ்டிக்கரை உரிச்சா நடுத்தண்டு தெரிஞ்சா, தையல் மிசின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. சீல் வெச்சு வர்றதையும், குண்டு பேரிங் போட்டதையும் நோண்டாத. அப்புறம் உங்க பாட்டிகிட்டத் தேங்கா எண்ணெய் கேக்காத. அது மார்கழிக் குளுருல கட்டியாப் போகும், நாளாவட்டத்துல பிசுபிசுன்னு புடிச்சுக்கும். தேங்கா எண்ணெயத் தலைக்குத் தேச்சுக்க. அங்க இருக்கறதாச்சும் சுத்துதான்னு பாப்போம். எண்ணெய் விட்டாலும் அது கொஞ்ச நாளைக்குத்தான். எறக்கைய மேலயுங் கீழயும் ஆட்டினா லொடலொடன்னு ஆடுச்சுன்னா, மாத்தற காலம் வந்தாச்சு.

இப்பக் கரண்டுக்கு வா. “வெளக்கு எரியுதே அப்புச்சி, அப்பக் கரண்டு வருதுதானே?”ன்னு கேட்டயே, அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. காத்தாடி வாங்கப் போனயா, மாரியாத்தா நோம்பிக்குச் சீரியல் செட்டு வாங்கப் போனயா? வெளக்குக்குத் தனி ஒயரு, மோட்டாருக்குத் தனி ஒயரு. கலர் மாறி மாறி ஓடற ஏ.ஆர்.ஜி.பி. வெளக்குக்கு 5 வோல்ட், மோட்டாருக்கு 12 வோல்ட். ஒண்ணு எரியறதை வெச்சு இன்னொண்ணுக்குச் சாட்சி சொல்ல முடியாது. அந்த 5 வோல்ட் ஒயரைத் தெரியாத்தனமா 12 வோல்ட் வெளக்குப் பின்ல சொருகிப்போட்டயோ, அப்புறம் காத்தும் இருக்காது, வெளக்கும் இருக்காது.

மோட்டார் ஒயரு நுனில 3 பின் இல்லாட்டி 4 பின் இருக்கும். மொதல்லது நெகட்டிவ், ரெண்டாவது 12 வோல்ட், மூணாவது ‘இத்தனை வேகத்துல சுத்தறேன்’னு சேதி சொல்றது, நாலாவது உத்தரவு வாங்கறது. ஒயரு கடைசி வரைக்கும் எறங்கியிருக்குதான்னு பாரு. பல காத்தாடிய ஒண்ணாச் சேக்கற ஹப்புல மாட்டியிருந்தா, அந்த ஹப்புக்கு எஸ்.எம்.பி.எஸ்.ங்கற பவர் சப்ளைல இருந்து சாட்டா பவர் ஒயரு குடுத்திருக்குதான்னு பாரு. அதைக் குடுக்காம மறந்துபோட்டு அஞ்சு காத்தாடியும் ஒரே நாள்ல செத்துப்போச்சுன்னு ஒப்பாரி வெக்கற புள்ளைங்க உண்டு. மதர்போர்டுல காத்தாடி ஒயரு சொருகற எடத்துக்குப் பேரு ஹெடர். ஒத்தை ஹெடர்ல ஸ்ப்ளிட்டர் போட்டு வரிசையா மாட்டிக்கிட்டே போகாத. பல போர்டுல ஒரு ஹெடர் தாங்கறது 1 ஆம்பியர்தான், மேனுவல்ல போட்டிருப்பான். அதுக்கும் படிப்பு வேணும், நீதான் படிச்ச புள்ளையாச்சே!

எஸ்.எம்.பி.எஸ். பொட்டிய மட்டும் தொறக்காத கண்ணு. பிளக்கைப் புடுங்கின பொறவும் அதுக்குள்ள கெப்பாசிட்டர்ல கரண்டு தங்கியிருக்கும். இது தமாசு இல்ல.

கடைசில மேலிடத்து உத்தரவு. ஆன் பண்ணறப்ப டெலிட் இல்லாட்டி எஃப்2 அமுத்தி பயாசுக்குள்ள போ. காத்தாடிக்குன்னு ஒரு பக்கம் இருக்கும். ஹெடரு பி.டபிள்யு.எம்.லயா டி.சி.லயான்னு பாரு. 4 பின் காத்தாடிக்குப் பி.டபிள்யு.எம். 12 வோல்ட் முழுசா வந்துக்கிட்டே இருக்கும், நாலாவது ஒயரு நொடிக்கு 25,000 துடிப்பு வேகத்துல உத்தரவு போடும். 3 பின்னுக்கு நாலாவது ஒயரே இல்ல, அதுக்கு டி.சி. வெக்கோணும், வோல்ட்டைக் கொறைச்சாத்தான் வேகம் கொறையும். 3 பின்னைப் பி.டபிள்யு.எம்.ல விட்டீன்னா எப்பவும் முழு வேகத்துல கத்தும். டி.சி.ல வோல்ட்டை ரொம்பக் கொறைச்சீன்னா கெளம்பத் தெம்பில்லாம துடிச்சுக்கிட்டே நிக்கும். சுத்திக்கிட்டு இருக்கறதுக்குப் போதற வோல்ட்டு, நின்ன எடத்துல இருந்து கெளம்பப் போதாது. தள்ளி விட்டாச் சுத்துது, தானாக் கெளம்ப மாட்டேங்குதுன்னா, கொறைஞ்ச வேகத்தைக் கொஞ்சம் ஏத்தி வெச்சுப் பாரு.

இன்னொண்ணு. சூடு கொறைவா இருந்தாக் காத்தாடிய நிறுத்தி வெய்யின்னு பயாஸ்லயே ஒரு ஏற்பாடு உண்டு. அப்பிடி இருந்தா அது சீக்கே இல்ல, லீவு. முழு வேகம்னு வெச்சு ஆன் பண்ணிப் பாரு. ஜம்முனு சுத்துச்சுன்னாக் காத்தாடியும் நல்லது, ஒயரும் நல்லது, உத்தரவுதான் கோளாறு. வேகம் ஏறி எறங்கி, ஏறி எறங்கிப் பாட்டுப் படிச்சா, சூடு ஒரு நொடி துள்ளறதுக்கெல்லாம் அது ஓடிக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். வேகம் மாற எடுத்துக்கற நேரத்தைக் கூட்டி வெய்யி. வேகத்தை மாத்தற சாப்ட்வேர் ரெண்டு போட்டிருந்தா ஒண்ணைத் தூக்கு. ரெண்டு மாமியார் ஒரு ஊட்டுல ஆகாது.

இத்தனைக்கும் அசையலைன்னா கடைசித் தீர்ப்பு இதுதான். நின்னுபோன காத்தாடியக் கழட்டி, நல்லாச் சுத்தற காத்தாடி சொருகியிருக்கற ஹெடர்ல மாட்டு. நல்லதைக் கொண்டாந்து இந்த ஹெடர்ல மாட்டு. மாட்டறப்பக் கரண்டு அமந்திருக்கோணும். நின்னது அங்கயும் நின்னா, காத்தாடி போச்சு. நல்லது இங்க வந்து நின்னா, ஹெடரோ பயாசோ கெட்டுருக்குது. நீ பத்துக் காத்தாடி வாங்கினாலும் பத்தும் நிக்கும்.

காசு செலவில்லாத இந்த ஒரு சோதனையப் பண்ணாம கடைப்பக்கம் போகாத. அப்பிடியும் மனசு கேக்காம நல்ல காத்தாடியத் தூக்கி எறியறதா இருந்தா, என்ற பக்கமாப் பாத்து எறி, கண்ணு. பழைய 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு கெடக்குது. கரண்டு போற நேரத்துக்கு அப்புச்சி காத்து வாங்கிக்கறேன்.