படலைக்கு வந்த பாப்பா

போன மார்கழியில் ஒரு காலை, இரண்டு வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்த பேரனை மடியில் வைத்துக்கொண்டு தெல்லிப்பழை ஸ்ரேசன் வாங்கில் ரயிலுக்குக் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய கடையில் நத்தார் பாப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துப் படம் எடுக்க விடுகிறார் என்று மருமகள் போனில் பார்த்துச் சொன்னதில் தொடங்கிய பயணம் அது. மகன், மருமகள், மனைவி, நான், பேரன். கூடவே பால்போத்தலும் மாற்றுச் சட்டையும் குடைகளுமாக ஒரு பெரிய பை. "ஆரைப் பாக்கப் போறம், குஞ்சு?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் பேரன் தண்டவாளத்தைக் கைகாட்டி, "பாப்பா" என்றான். அவர் ரயிலில்தான் வரப்போகிறார் என்று எண்ணினானோ என்னவோ.

அந்தச் சின்ன விரலைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் காலத்தில் நாங்கள் பாப்பாவைப் பார்க்கப் போனதே இல்லை. அவர்தான் எங்களைப் பார்க்க வந்தார்.

1972 அல்லது 73ஆக இருக்கவேண்டும். எனக்கு ஏழு வயது. மார்கழி இரவுகளில் மழை ஓய்ந்த பிறகு பூவரசு இலைகளிலிருந்து துளிகள் சொட்டிக்கொண்டிருக்க, அப்பாச்சியின் சேலைத் தலைப்புக்குள் படுத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருப்போம். அந்த மாதத்தில் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு கூட்டம் வரும். விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடிக்கொண்டு எங்கள் ஆட்கள் வருவார்கள். நத்தார் நெருங்கும் இரவுகளில் வேதக்காரர் பெற்றோமக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு பாடி வருவார்கள். சில வருடங்களில் இரண்டும் ஒரே கிழமைக்குள் வந்துவிடும். அப்பாச்சி நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவ. ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அடுப்பில்தான் தண்ணீர் கொதிக்க வைப்பா. "பாடிக்கொண்டு படலைக்கு வந்த ஆக்களை வெறும் வாயோடை அனுப்பக்கூடாது" என்பதுதான் அவவின் நியாயம்.

முதலில் எங்கோ மகாஜனாக் கல்லூரிப் பக்கமாகப் பாட்டுக் கேட்கும். பிறகு காற்றுத் திரும்பி அது இல்லாமற் போகும். திரும்பவும் கேட்கும்போது இன்னும் கிட்ட வந்திருக்கும். நாய்கள் ஒவ்வொரு வளவாகக் குரைத்து அவர்கள் எந்த வீடு வரை வந்துவிட்டார்கள் என்று சொல்லும். கிளுவை வேலியின் இடுக்குகளால் பெற்றோமக்ஸ் வெளிச்சம் கீற்றுக் கீற்றாக எங்கள் முற்றத்தில் நடக்கத் தொடங்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தக் காத்திருப்பின் சுகத்தை நினைத்தால் இன்றைக்கும் கை குளிர்கிறது. உங்கள் ஊரில் அது வேறொரு பாட்டாகவோ, திருவிழாவுக்கு முதல் நாள் மேளமாகவோ இருந்திருக்கலாம். தூரத்தில் கேட்டுக் கிட்ட வந்த ஏதோ ஒரு சத்தம் உங்களுக்கும் இருந்திருக்கும்.

சங்கடப்படலை திறக்கும். பாட்டுக்காரருக்கு முன்னால், மட்டையில் செய்த முகமூடியும் இலவம்பஞ்சுத் தாடியும் யாரோ ஒரு வீட்டுச் சிவப்புத் திரைச்சீலையில் தைத்த அங்கியுமாக, சேறு அப்பிய வெறுங்காலோடு, ஆடிக்கொண்டு பாப்பா வருவார். கையிலே ஒரு சைக்கிள் மணி. நாங்கள் அலறிக்கொண்டு அப்பாச்சியின் பின்னால் ஒளிவோம். அவர் தோடம்பழ இனிப்பையும் கச்சானையும் அள்ளி முற்றத்தில் எறிவார்; பயம் ஒரு கண்ணிலும் ஆசை மறு கண்ணிலுமாகப் பொறுக்குவோம். வெங்காயமும் மிளகாயும் வெளியிலிருந்து வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. தோட்டக்காரர் கையில் காசு இருந்தது, கடையில் சொக்லேட் இல்லை. ஒரு தோடம்பழ இனிப்பை வாய்க்குள் கரைய விடாமல் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பது எங்களுக்கு ஒரு பெரிய வித்தையாக இருந்தது.

அந்த வருடம்தான் நான் அவரைக் கண்டுபிடித்தேன். மணியை இரண்டு தரம் அடித்து, கொஞ்சம் நிறுத்தி, மூன்றாம் தரம் அடித்தார். காலையில் பத்து மணிக்கு எங்கள் படலையில் கேட்கிற அதே அடி. "தபால்காரர்!" என்று கத்திவிட்டேன். முகமூடி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அது மெல்ல உயர்ந்து, வேர்த்துப்போன அந்தப் பழகிய முகம் சிரித்தது. "பிடிச்சிட்டீரே தம்பி" என்றார். எனக்கு ஏமாற்றமாக இருக்கவில்லை. மலாயாப் பென்சனியர் வீட்டுக்கு எந்தத் திகதியில் கடிதம் வரும், எந்த வீட்டு மகன் காசுக்கட்டளை அனுப்பவில்லை, எந்தப் படலையில் கொழுக்கி கழன்றிருக்கிறது என்றெல்லாம் தெரிந்த மனிதர் அவர். எல்லாப் பிள்ளையின் பெயரும் விலாசமும் அறிந்த ஒரு தாத்தா உலகத்தில் இருக்கிறார் என்றால், அது அவராக இருப்பதுதானே பொருத்தம்?

1990 ஆனியில் யுத்தத்தால் எங்கள் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. அந்த மாதத்தோடு ரயிலும் நின்றது. தண்டவாளக் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குள் போயின. நாங்கள் இணுவிலில் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். அந்த மார்கழியில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்த விளக்கு. ஒரு நாள் முற்பகல், ஒழுங்கை முகப்பில் மணி கேட்டது. இரண்டு தரம், நிறுத்தி ஒரு தரம். அவரும் அகதியாகத்தான் எங்கேயோ இருந்தார். தெல்லிப்பழை விலாசம் எழுதி மாதக்கணக்காக அலைந்து வந்த அண்ணனின் கடிதத்தை, ஆள் ஆளாக விசாரித்து, சைக்கிள் உழக்கிக் கொண்டுவந்திருந்தார். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. எனக்கு இருபத்தைந்து வயது. ஏனோ அவருடைய கையையே பார்த்தேன். அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். "இந்த முறை இனிப்பு இல்லைத் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. 1995 ஐப்பசி முப்பதாந் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்தச் சனத்துக்குள் அவர் எந்தப் பக்கம் போனாரோ. யுத்தம் முடிந்து சில வருடங்களில் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பிப் போக விட்டபோது, பற்றைக்குள் கிணற்றைக் கண்டுதான் வளவை அடையாளம் பிடித்தோம். வேலியும் இல்லை, சங்கடப்படலையும் இல்லை. 2015 தை மாதம் காங்கேசன்துறை வரை ரயில் திரும்பவும் ஓடியது. தெல்லிப்பழையில் அது நின்றபோது மனைவி அழுதா.

அந்த ரயிலில்தான் இப்போது பேரன் மல்லாகம், சுன்னாகம் என்று ஒவ்வொரு ஸ்ரேசனுக்கும் கைகாட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்தான்.

கடைக்குள் குளிரூட்டி. வரிசையில் எங்களுக்கு முன் இருபது, இருபத்தைந்து குடும்பம்; பெருநாள் சட்டை போட்ட பிள்ளைகள், நெற்றியில் சந்தனத்தோடு சில தாய்மார். நிற்கும்போது தெல்லிப்பழையின் பழைய கதையொன்று நினைவுக்கு வந்தது. 1816இல் எங்கள் ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அமெரிக்க மிஷன்காரரில் டானியல் பூவர் மசாசூசெட்ஸ் மாநிலத்தவர். அந்த மண்ணின் பழைய சமயத்தார் நத்தார் கொண்டாடுவதையே ஒப்பவில்லை. 1659இல் கொண்டாடினால் தண்டம் என்று சட்டம் கூடப் போட்டிருந்தார்கள், அது நீக்கப்பட இருபது வருடத்துக்கு மேல் சென்றது. அங்கே நத்தாரை அரச விடுமுறையாக்கியது 1856இல்தான். சிவப்பு அங்கித் தாத்தாவின் உருவத்துக்கு அச்சாரம் போட்ட தோமஸ் நாஸ்டின் சித்திரங்கள் வந்தது 1863இலிருந்து. ஆகவே பூவர் ஐயா தெல்லிப்பழைக்கு வேதம் கொண்டுவந்தார், பள்ளிக்கூடம் கொண்டுவந்தார், பாப்பாவை மட்டும் கொண்டுவரவில்லை. அவருக்கு இருநூறு வருடம் முன்பே, போர்த்துக்கேயரின் 'நாத்தால்' எங்கள் வாயில் நத்தாராகியிருந்தது; பாப்பா எவ்வளவோ பிந்தி வந்து அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அதே மசாசூசெட்ஸில், புரொக்டன் என்ற ஊரில், 1890இல் ஜேம்ஸ் எட்கர் என்ற கடைக்காரர் வேடம் போட்டுத் தன் கடைக்குள் நடமாடியதுதான் கடைக்குள் பாப்பா வந்த முதற்தடவை என்பார்கள். அவரைப் பார்க்கத் தகப்பன்மார் பிள்ளைகளை ரயிலில் கூட்டிக்கொண்டு போனார்களாம். நாங்களும் ரயிலில்தான் வந்திருந்தோம்.

எங்கள் முறை வந்தது. வெள்ளைத் தாடியும் கண்ணாடியும் பளபளக்கும் சப்பாத்துமாக அவர் கையை நீட்டியதும் பேரன் வீரிட்டான். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு என் கழுத்தைப் பிடித்தான். மருமகளின் முகம் வாடிப்போனது. பின்னால் வரிசை நெளிந்தது. அப்போது பாப்பா தாடியை நாடிக்குக் கீழே இழுத்தார். உள்ளே இருபது வயதுப் பொடியன், மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. "இஞ்சை பாருங்கோ குட்டி, அண்ணா. அண்ணா தான்" என்றான். அழுகை பாதியில் நின்றது. பேரன் கையை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். படத்தில் பாப்பாவின் தாடி கழுத்தில்தான் கிடக்கிறது. மகன் அதையே ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் அனுப்பினான். எனக்கு அதைவிட நல்ல படம் வேண்டாம்.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. இப்போது எங்கள் ஒழுங்கையில் கிளுவை வேலிகள் குறைவு. இருபக்கமும் மதில், இரும்புக் கேற், சில வீட்டில் கமராவும் உண்டு. இரவில் பூட்டிவிட்டால் வருகிறவர் யாரென்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. நடந்த காலங்களுக்குப் பிறகு மனிதர் மதில் கட்டியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு மகனிடம், "கேற்றைப் பூட்டாதை. வெளி லைற்றும் எரியட்டும்" என்றேன்.

எட்டரை மணிக்கு லாண்ட்மாஸ்டர் சத்தமும் அதற்கு மேலே பாட்டும் கேட்டது. ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு திருச்சபைப் பிள்ளைகள் பெட்டியில் நிறைந்து வந்தார்கள். நாய்கள் ஒவ்வொரு வளவாகக் குரைத்தன. பிளாஸ்டிக் முகமூடி போட்ட பாப்பா இறங்கி ஆடிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். பேரன் என் இடுப்பில் இருந்தான், அழவில்லை. அவர் கிட்ட வந்ததும் எட்டி அந்த முகமூடியைப் பிடித்து இழுத்தான். யாரென்று பார்க்கவேண்டும் அவனுக்கு. இழுபட்ட முகமூடிக்குள் பின் ஒழுங்கைப் பொடியன் சிரித்தான்: "அப்பப்பா, உங்கட பேரன் என்னைப் பிடிச்சிட்டான்."

உள்ளே மனைவி பாட்டுக்காரரை எண்ணிக்கொண்டிருந்தா. "இஞ்சருங்கோ, பதினொரு பேர். பிள்ளையளைப் போக விடாதையுங்கோ, தண்ணி கொதிக்குது."