பழியெல்லாம் ஜனவரி மேல்

மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் குளிர் உண்டென்று சொன்னால் மும்பை மாட்டுங்காக்காரர்கள் சிரிக்கிறார்கள். கடலோரத்து ஆசாமிகளுக்கு ஸ்வெட்டர் என்பது டில்லிக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கும் வஸ்து. கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் எங்களுக்கு அப்படியில்லை. மார்கழி பிறந்தால் விடியற்காலையில் 13, 14 டிகிரிக்கு இறங்கும் நாள்கள் உண்டு. அவ்வளவு ஏன், சாந்தாகுரூஸிலேயே 1962 ஜனவரி 22-ஆம் தேதி 7.4 டிகிரி பதிவாகியிருக்கிறது. இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்து வைத்திருப்பது வானிலை ஆர்வத்தால் அல்ல. கார் கிளம்பாதபோது வீட்டுக்காரியிடம் சொல்ல ஏதாவது வேண்டுமே!

என் கார் பரம சாது. வாரம் முழுக்க பில்டிங் வாசலில் வெயிலில் நிற்கும். நான் லோக்கலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் சிவன் கோயில் வரை ஓடும். 1060-இல் சிலாஹார ராஜாக்கள் காலத்தில் எழுந்த கோயில். வீட்டிலிருந்து பத்து நிமிஷம். வண்டியின் தேய்மானம் குறைவு என்று இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்கழிக் கடைசியில் நம்மூர்க்காரர்கள் நடத்தும் திருப்பாவை பஜனைக்கு விடிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். சாவியைத் திருப்பினேன். 'கட்' என்றது. மறுபடி திருப்பினேன். 'கட் கட் கட்' என்றது. தூங்கும் பில்டிங்கை எழுப்ப அது போதும். ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிந்தது.

இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். கார் ரிப்பேரில் எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே உற்றுப் பார்த்து, "ம்... குளிர்" என்றேன்.

"காருக்கா, உங்களுக்கா?" என்றாள் வீட்டுக்காரி.

வாட்ச்மேன் வந்து பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டான். பால்காரன் பிளக்கைக் கழற்றச் சொன்னான். இரண்டாவது மாடி காகா, ஆர்டினன்ஸ் பேக்டரியில் ரிட்டையரானவர், மங்கி கேப்போடு இறங்கி வந்தார். "காய் ஜாலா, அண்ணா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். போட்டேன். இப்போது சாவியைத் திருப்பு என்றார். திருப்பினேன். மாசக் கடைசியில் கடன் கேட்டவனைக் கண்ட முகம் போல வெளிச்சம் அப்படியே சுருங்கிவிட்டது.

"பேட்டரி" என்றார் காகா. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலையோ பிளக்கையோ பார்க்கவேண்டும். சத்தமும் இல்லை, லைட்டும் இல்லை என்றால் ஒயரைப் பார்க்கவேண்டும். 'கட் கட்' என்று லைட்டும் மங்கினால், பேட்டரியில் தெம்பில்லை அல்லது டெர்மினல் பிடிமானம் இல்லை. அதிலும் குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டிப்படுவதால் சுற்றுவதற்குக் கூடுதல் தெம்பு வேண்டும்; அதே குளிரில் பேட்டரிக்குள் ரசாயன வேலை மந்தமாவதால் இருக்கிற தெம்பும் குறையும். செலவு ஏறி வரவு குறைவது என்றால் எனக்கு விளக்கவா வேண்டும்?

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. டிகாக்‌ஷனுக்கு வைத்திருந்த வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றிச் சுத்தம் செய்தோம். டெர்மினல் பளபளத்தது. 'கட் கட்' கொஞ்சம் கணீரென்று கேட்டது.

"தக்கா" என்று தீர்ப்புச் சொன்னார் காகா.

செல்ஃப் மோட்டார் 1912-இல் காடிலாக் காரில் வந்தது. அன்றோடு இரும்புக் கம்பியைச் சொருகிக் காரைச் சுழற்றும் கஷ்டம் மனிதனுக்கு ஒழிந்தது என்று எங்கோ படித்திருக்கிறேன். மனிதர் பட்டியலில் நான் இல்லை போலிருக்கிறது. ஸ்டியரிங்கில் உட்காரப் போனேன். "நீங்க தள்ளுங்க, நான் ஓட்டறேன்" என்றாள். லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவையே பாஸான திமிர். இரண்டாவது கியர், கிளட்ச்சை மிதித்தபடி உட்கார்ந்தாள். வாட்ச்மேன், பால்காரன், நான் மூவரும் தள்ளினோம். வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறுமிக்கொண்டு கிளம்பிற்று. கை தட்டினோம்.

கார் நிற்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்தது. "நிறுத்தினா ஆஃப் ஆயிடும்! ஆட்டோ பிடிச்சு வந்துடுங்க!" கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். நான் ஆட்டோ தேடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பாசுரம் முடிந்திருந்தது. அதாவது பரவாயில்லை, பொங்கலும் முடிந்திருந்தது.

பிறகு வண்டியைப் பார்த்த மெக்கானிக் நம்ம திருநெல்வேலிப் பையன். மீட்டரை வைத்தான். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டவேண்டுமாம். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாதாம். என்னுடையது இரண்டிலும் பெயில்.

"குளிரு ஓவர் தம்பி" என்றேன்.

"குளிரு என்ன பண்ணுச்சு, அண்ணாச்சி? மே மாச வெயில்ல தண்ணி வத்திப் பிளேட்டு போயிருக்கு. குளிரு வந்து காட்டிக் குடுத்திருக்கு, அவ்வளவுதான்."

கொலை செய்தது மே, மாட்டிக்கொண்டது ஜனவரி. 1962 வரை போய் நான் திரட்டி வைத்த சாட்சியமெல்லாம் வீண். பத்து நிமிஷக் கோயில் பயணமும் குற்றப் பத்திரிகையில் சேர்ந்தது. ஸ்டார்ட் செய்ய இழுத்த கரண்டைத் திருப்பி ஏற்றவே அந்த ஓட்டம் பற்றாதாம். பழசுக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு புதுசு மாட்டினான். "வாரம் ஒருக்கா முக்கா மணி நேரமாவது ஓட்டுங்க" என்று அவன் சொன்னபோது வீட்டுக்காரியும் பக்கத்தில் நின்றாள். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

முக்கால் மணி என்றால் முலுண்ட் பக்கம் போய்த் திரும்பினாலே தாராளம். ஆனால் பேட்டரிக்கு நல்லதென்று ஞாயிறுதோறும் மாட்டுங்கா மார்க்கெட் வரை போகிறார்கள்: அவளும், பில்டிங்கின் நான்கு மாமிகளும். ஐந்து பேருக்குமேல் ஏறினால் வண்டிக்குக் கெடுதலாம். அதனால் நான், தண்டவாள வேலைக்கான மெகா பிளாக்கில் முக்கிக்கொண்டு ஊரும் லோக்கலில் போய் இறங்கி, வாழைப்பூவும் சேப்பங்கிழங்கும் நிறைந்த பைகளைச் சுமந்து டிக்கியில் அடுக்கிக் கொடுத்துவிட்டு, மறுபடி ரயில் ஏறுகிறேன். பேட்டரி கல்லுக்குண்டாக இருக்கிறது. போன வாரம் எனக்குத்தான் மூச்சு வாங்கிற்று. "குளிரு ஒத்துக்கலை போலிருக்கு" என்றாள் அவள்.