ஒன்பதரை எப்போது அடிக்கும்?

கேள்வி: எங்கள் ஓ.எம்.ஆர் சாலையில் எல்லா கம்பெனிக்கும் காலையில் ஏறக்குறைய ஒரே நேரம். ஆளுக்கொரு நேரம் வைத்தால் நெரிசல் தீர்ந்துவிடாதா?
- சோழிங்கநல்லூர் வாசகர்

பதில்: தீராது, வேறு நேரத்துக்கு நகரும். ஓர் உதாரணம்: 1975 ஜூனில் சிங்கப்பூர் அரசு, காலை 7.30 முதல் 9.30 வரை நகர மையத்துக்குள் காரில் நுழைய நாளொன்றுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வசூலித்தது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஒன்பதரை அடிக்கக் காத்திருந்து உள்ளே பாய்ந்தார்கள். இரண்டே மாதத்தில் நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று. நாலு பேர் உள்ள காருக்குக் கட்டணம் இல்லை என்றதும் பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கெல்லாம் ஏக மரியாதை. (காரில் ஏறச் சொல்லி முன்பின் தெரியாதவர் கெஞ்சுவது நமக்கெல்லாம் வாய்க்காத பாக்கியம்!)

2013-இல் அதே ஊர், காலை 7.45-க்குள் நகர மைய ஸ்டேஷனில் இறங்கினால் ரயில் இலவசம் என்றது. முன்கூட்டியே கிளம்பியவர்கள் சிறு பங்குதான். பள்ளிக்கூட மணியும் மேனேஜர் மீட்டிங்கும் ஓசி டிக்கெட்டுக்கு அசையுமா? ஆனாலும் பிதுங்கும் ரயிலில் பத்துப் பேர் குறைந்தாலே மூச்சு வரும். அதனால் நேரத்தை மாற்றுவது வீண் வேலை அல்ல.

ஆனால் காலையை மட்டும் பார்த்தால் போதாது; சிங்கப்பூரிலும் மாலைக்கு அந்தக் கார் கட்டணம் 1989-இல்தான் வந்தது. உங்கள் கம்பெனி காலை 7 மணிக்கு வரச் சொன்னால் சந்தோஷமாகப் போங்கள். மாலை 4 மணிக்கு விடுவார்களா என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.