கொசுறு

காலை ஏழேகால் மணிக்கு எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் அரைக் கிலோ கத்தரிக்காய், இரண்டு முருங்கைக்காய், ஒரு கீற்றுப் பூசணி வாங்கி, சில்லறையாக எண்ணிப் பணமும் கொடுத்துவிட்டு, பையை விரித்துப் பிடித்தபடி நின்றேன். எதற்கு நின்றேன் என்று காய் வாங்கிப் பழகிய யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்கார அம்மா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த ஆளுக்குத் தக்காளி நிறுக்கப் போய்விட்டார்.

“கொத்தமல்லி போடலையேம்மா?”

“உனக்கு இன்னாத்துக்கு சார் கொத்தமல்லி? மாடி முச்சூடும் தோட்டம் வெச்சிக்கினு எங்கைல வந்து கொசுறு கேக்கறியே!”

வண்டியைச் சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு அம்மாளும் அதில் உண்டு. பதினோரு வருஷமாக மழையோ வெயிலோ தவறாமல் வந்துகொண்டிருந்த கொசுறு இன்றோடு நின்றது. யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று விசாரிக்கவும் வழியில்லை. போன தை மாதம் பெருமை தாங்காமல் இதே வண்டி முன்னால் நின்று, கைபேசியில் படம் காட்டி, “எல்லாம் நம்ம மாடியில விளைஞ்சதும்மா” என்று சொன்ன மகானுபாவன் நான்தான்.

இன்னும் ஒரு வாரத்தில் ஆடி பிறக்கிறது. மாடியில் பதினாலு பைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்ன பெரியவர், எதை விதைப்பது என்று சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் இந்த வருஷம் என்ன போடுவது என்பதில் நான் தீர்க்கமான ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தக் கொத்தமல்லிக் கணக்கை மட்டும் தீர்த்துவிட்டு வந்துவிடுகிறேன். வயிற்றெரிச்சலோடு விவசாயம் பேசக் கூடாது.

நான் கொத்தமல்லியில் இறங்கியதற்குக் காரணம் ‘சும்மா’ என்கிற சொல். “கொத்தமல்லியா சார்? சும்மா தூவி விடுங்க, தானா வரும்” என்றார் நாற்றுக் கடைக்காரர். “சும்மா தூவுங்க மாமா” என்றான் மச்சினன். திருச்சியிலிருந்து அக்கா போனில் அதையே சொன்னாள். வீட்டுத் துளசிக்குக்கூட ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியறியாத அலுவலக நண்பர், கேன்டீன் காப்பியை ஆற்றிக்கொண்டே அதே வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் சொன்னார். இவர்களெல்லாம் எங்கே தூவினார்கள், எப்போது தூவினார்கள், வந்ததை யார் பார்த்தார்கள் என்று ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தால் தேவலை. எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் சும்மா வந்துகொண்டிருந்த கொத்தமல்லி ஒன்றே ஒன்றுதான். அது தள்ளுவண்டியில் வந்தது.

முதல் தடவை, சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பிடி தனியாவை எடுத்து, சொன்னபடியே சும்மா தூவினேன். தினமும் இரண்டு வேளை பூவாளியால் தண்ணீர். ஒன்பதாம் நாள் காலை பையில் நடமாட்டம் தெரிந்தது. கட்டெறும்புகள். ஆளுக்கொரு தனியாவைத் தூக்கிக்கொண்டு, சீர்வரிசை போவதுபோல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பிறகுதான் தெரிந்தது, நாம் விதை விதை என்று சொல்லிக்கொண்டிருக்கும் அந்த உருண்டை விதையே இல்லையாம். காய்ந்த பழமாம். உள்ளே இரண்டு விதைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு படுத்திருக்கின்றன. இரண்டாக உடைத்துப் போட்டால்தான் சீக்கிரம் முளைக்கும். உடைப்பதற்கு வழி, தரையில் பரப்பிச் செருப்பால் லேசாகத் தேய்ப்பது. தேய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள். “திங்கிற சாமானைச் செருப்பால தேய்க்கிறியேடா, விளங்குமா?” என்றாள். விளங்கவில்லை. மறுநாள் சப்பாத்திக் கட்டைக்கு மாறினேன். மனைவி வரும் சத்தம் கேட்டு அவசரமாக உருட்டியதில் பாதி பொடியாகிவிட்டது. அன்றைக்கு மதியம் ரசம் பிரமாதம். தோட்டத்தின் முதல் மகசூல் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மிச்சம் பாதியை ராத்திரி முழுக்க ஊறவைத்துப் போட்டேன். பதினோராம் நாள் முளைத்தது. பன்னிரண்டாம் நாள் புறா வந்தது.

மூன்றாம் தடவை வலை கட்டினேன். மாதம் சித்திரை. சென்னை வெயிலைப் பார்த்ததும் கொத்தமல்லிக்கு வாழ்க்கை வெறுத்துவிடுகிறது. மூன்று இலை விட்டதும், இனித் தாங்காது, வம்சத்தையாவது காப்பாற்றுவோம் என்று நேராகப் பூவெடுத்துவிடுகிறது. ஒரு சாண்கூட வளராத செடி வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்க்க, பத்தாங்கிளாஸ் படிக்கிற பையனுக்குத் தலை நரைத்தது மாதிரி இருந்தது. நாலாவது தடவை ஐப்பசி. அது சொல்லாமலே தெரியும். பை குளமாகி, வேர் அழுகி, கடைசியில் தவளை ஒன்று குடிவந்தது. மூன்றாவது மாடிக்குத் தவளை எப்படி ஏறியது என்று இன்றுவரை புரியவில்லை. ஒருவேளை அதையும் யாராவது சும்மா தூவிவிட்டிருக்கலாம்.

ஐந்தாம் தடவை, மார்கழிக் குளிரில், வந்தது. நிஜமாகவே வந்தது. பை கொள்ளாமல் தழதழவென்று, இலையை லேசாகத் தடவினாலே விரல் மணக்கிற மாதிரி. ஒரு வாரம் பறிக்க மனசு வரவில்லை. வந்தவர்களையெல்லாம் மாடிக்கு அழைத்துப்போனேன். கேஸ் சிலிண்டர் போட வந்த பையனையும் விடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பமே சுற்றி நிற்க, கத்தரிக்கோலால் அறுவடை செய்தேன். மனைவி வாங்கிப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்றாள். கழுவி, நறுக்கி, கொதித்த ரசத்தில் போட்டதும் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பை, நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, வலை எல்லாம் சேர்த்து அந்த ரசத்தின் அடக்கவிலை 1,840 ரூபாய். என் கூலியைச் சேர்க்கவில்லை. நான் காட்டித் தொலைத்த படம் அந்தக் கொத்தமல்லிப் படம்தான். ஆக, ஒரு வேளை ரசத்துக்காக ஆயுள் பூராவும் வரவேண்டிய கொசுறை இழந்தவன் என்று என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். என்ன போடுவது?

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் கூட்டம் போட்டேன். அம்மாவின் கட்சி எப்போதும் அவரை. “ஆடியில அவரையை ஊனி வெச்சா தையில பொங்கக் குழம்புக்குக் காய் பறிக்கலாம்” என்றாள். உண்மைதான். ஆனால் பந்தல் அவரை லேசுப்பட்டதில்லை. எப்போது ஊன்றினாலும், பகல் பொழுது குறுகினால்தான் அது பூக்கும். இது தெரியாமல் ஒரு வருஷம் முந்திக்கொண்டு மாசியிலேயே ஊன்றினேன். கொடி கைப்பிடிச்சுவரைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கேபிள் ஒயரைப் பிடித்துப் பக்கத்து மாடிக்குப் போனது. பத்து மாசம் ஒரு பூ கிடையாது. மார்கழியில் பூத்தது, காய்த்தது, எல்லாம் பக்கத்து வீட்டுப் பக்கம். பொங்கலன்று அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பினார்கள். அசுவினியை மட்டும் என் பக்கத்தில் விட்டு வைத்திருந்தார்கள்.

மகன் ஸ்ட்ராபெரி என்றான். அவனுக்குப் பதில் சொல்லவில்லை. மனைவி, “நாம சாப்பிடறதைப் போடுங்களேன்” என்றாள். இதைவிட நியாயமான யோசனை இருக்க முடியாது. அதனால்தான் அதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நாம் சாப்பிடுவது கத்தரிக்காய், வெண்டைக்காய், கீரை. அதை வண்டியிலேயே வாங்கிக்கொள்ளலாமே! கிடைக்காததைப் போட்டால்தானே மாடிக்கு ஆளைக் கூட்டிப்போய்க் காட்ட முடியும்? இந்தத் தத்துவத்தை நம்பித்தான் போன வருஷம் ப்ரோக்கோலி போட்டேன். ஊட்டிக் குளிரைக் கேட்கிற செடியைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்து ஏமாற்றப் பார்த்தேன். கடைசிவரை இலையைத் தவிர எதையும் காட்டவில்லை. அப்புறம் சிவப்பு வெண்டை. பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த அர்க்கா அனாமிகா என்ற பச்சை வெண்டை, மஞ்சள் நரம்புத் தேமலைத் தாங்குவதற்கென்றே வந்த ரகம். அனாமிகா என்றால் பெயரில்லாதவள். பெயரில்லாதவள் என்று ஒருத்திக்குப் பெயர் வைத்தவரின் ரசனையை மெச்சியபடியே அதைத் தாண்டிப் போய், நிறத்துக்கு மயங்கிச் சிவப்பை வாங்கினேன். காய்த்தது, மறுக்கவில்லை. வாணலியில் போட்ட இரண்டாம் நிமிஷம் பச்சையாகிவிட்டது. சாப்பிட வந்த மச்சினனிடம், “இது சிவப்பு வெண்டைக்காய்” என்று சத்தியம் பண்ண வேண்டியிருந்தது.

இலவம்பாடி முள் கத்தரியை விட்டுவிட்டேனே. வேலூர்ப் பக்கத்து அந்தக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் பரபரத்து நாற்று வாங்கி வந்தேன். ருசி அந்த ஊர் மண்ணோடு சேர்ந்தது என்பதற்காகத்தான் அந்தக் குறியீட்டையே கொடுக்கிறார்கள் என்பது நட்ட பிறகு உறைத்தது. என் பையில் இருப்பது மண்ணே இல்லை, தேங்காய் நார். முள்ளுக்கு மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

விதைத் திருவிழாவுக்குப் போனால் தெளிவு கிடைக்கும் என்றார்கள். போனேன். எல்லா மேஜையிலும் ‘நாட்டு’ என்று எழுதியிருந்தது. நாட்டுத் தக்காளி, நாட்டு மிளகாய், நாட்டுப் பப்பாளி. தக்காளி தென் அமெரிக்காவில் பிறந்தது. மிளகாய்க்குப் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். போர்த்துகீசியர் கப்பலேறி வந்த பிறகுதான் நமக்கு அறிமுகம். எந்த நாடு என்று கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்த தம்பி, “நம்ம நாடுதான் ஐயா” என்றான். நானூறு ஐந்நூறு வருஷம் ஒரே ஊரில் இருந்தால் ரேஷன் கார்டு கொடுக்கத்தானே வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன். விதை நன்றாகத்தான் முளைத்தது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாவுப்பூச்சி வந்தபோது புளித்த மோர் தெளி என்றது ஒரு கோஷ்டி, வேப்பெண்ணெய் என்றது இன்னொன்று. இரண்டையும் தெளித்தேன். மாடி ஒரு வாரம் பழைய மோர்க்குழம்பு மாதிரி மணத்தது. மாவுப்பூச்சிக்கு அது பிடித்துவிட்டது போலிருக்கிறது, சொந்தக்காரர்களையும் அழைத்துக்கொண்டது.

நான் சொல்ல வந்த முடிவு இதெல்லாம் இல்லை. ஆனால் எப்படி யோசித்தாலும் வண்டிக்காரம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது. அந்த அம்மாவுக்கு என்ன நஷ்டம்? நாலு தண்டு. வாடினால் மாட்டுக்குப் போகிற நாலு தண்டு. கொசுறு என்பது கொத்தமல்லியா என்ன? இன்றைக்கு நம்மிடம் காய் வாங்கினாய், நாளைக்கும் வா என்று கையால் சொல்வது. அதைத்தான் நிறுத்திவிட்டார். இதை மனைவியிடம் சொன்னால், “பத்து ரூபா குடுத்து ஒரு கட்டு வாங்கிக்குங்களேன்” என்கிறாள். பத்து ரூபாய் பிரச்சினையே இல்லை என்று எத்தனை பேருக்கு விளக்குவது!

சாயங்காலம் இரண்டு தெரு தள்ளி, என்னைத் தெரியாத ஒரு கடையில், பத்து ரூபாய் கொடுத்து ஒரு கட்டு வாங்கினேன். வேரோடு, வேரில் ஈரமண்ணோடு இருந்தது. செய்தித்தாளில் சுற்றிப் பைக்கடியில் வைத்து, வாழைப்பழத்தை மேலே போட்டுக் கொண்டுவந்தேன். வாசற்படியில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தபோது, எதிர்வீட்டு அம்மாள் உறைமோர் வாங்கிப்போன கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

“காலையில அந்தம்மா அப்படிப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க சார்” என்று ஆரம்பித்தவர், என் மடியைப் பார்த்து நிறுத்தினார். “அடேயப்பா, வேரோட! மாடியில பறிச்சதா?”

வேரிலிருந்து மண் உதிர்ந்தது. 

“ஆமாங்க” என்றேன்.

“என்ன பச்சையா இருக்கு! எனக்கும் ரெண்டு பை வெக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இதை எப்படி சார் போடறது?”

“இது ஒரு விஷயமாங்க?” என்று ஒரு தண்டைக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டேன். “சும்மா தூவி விடுங்க. தானா வரும்.”