மலையிறங்கும் மாத்திரை

கேள்வி: மூன்று ஆண்டுகளாக மனைவி பதற்றத்துக்கு அல்பிரசோலம் சாப்பிடுகிறார். ஒரேயடியாக நிறுத்தச் சொல்லிவிடட்டுமா? (வாசகர், கள்ளக்குறிச்சி)

பதில்: வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு யாராவது குதித்து வருகிறார்களா? வளைவு வளைவாகத்தானே இறங்குகிறோம். இந்த மாத்திரைக்குப் பழகிய மூளை, சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெட்டு, கைநடுங்கி, வலிப்பு வரைகூடப் போகும். 2025இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதைத் தொடக்கமாகச் சொல்கிறது. ‘குறைத்ததும் பதற்றம் திரும்புகிறதே, நோய் தீரவில்லையோ?’ என்பீர்கள். மருந்து விலகும் தொல்லையாகவும் இருக்கலாம்; பிரித்தறிய வேண்டியவர் மருத்துவர். உங்கள் வேலை ஓட்டுநருடையதல்ல, கிளீனருடையது: தேதி குறிப்பது, கூட நடப்பது, ‘இன்னுமா முடியவில்லை?’ என்று கேட்காதிருப்பது. (கடைசியதுதான் கணவர்களுக்குக் கஷ்டம்.) இடையில் மனம் தடுமாறினால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.