மௌனம் ஏழரை அங்குலம்

சின்ன ஊர் வானொலி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரைக் கல்யாணப் பந்தியில் கண்டுபிடிப்பது சுலபம். எல்லோரும் இலையில் குனிந்து மும்முரமாக இருக்கும்போது பேச்சு ஒரு கணம் ஓயும் இல்லையா, அப்போது ஒருவர் மட்டும் பதறித் தலைநிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு யாரிடம் என்றில்லாமல், "அவியல்ல முருங்கைக்காய் தாராளமாப் போட்டிருக்காங்க" என்பார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தேவையும் இல்லை. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு விபத்தைத் தடுத்துவிட்ட நிம்மதி தெரியும்.

பத்திரிகையில் அரைப் பக்கம் காலியாக வந்தால், விளம்பரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று வாசகர் அனுதாபப்படுவார். வானொலி ஐந்து வினாடி வாயை மூடினால் நேயர் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். பத்து வினாடி ஆனால் இலங்கை வானொலிப் பக்கம் போய்விடுவார். தென்மாவட்டங்களில் இந்தப் பயம் நிஜமானது. கே.எஸ். ராஜாவின் வேகத்தையும் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் கேட்டு வளர்ந்த காதுகள் அவை. அவற்றைத் திரும்ப இழுத்து வருவது லேசான காரியம் இல்லை.

அகில இந்திய வானொலி சென்னைக்கு 1938இலும் திருச்சிக்கு 1939இலும் திருநெல்வேலிக்கு 1963இலும் வந்தது. 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையத்தைத் திறந்தார்கள். அதற்குப் பின்னால் அங்கங்கே முளைத்த சின்ன ஊர் நிலையங்களில் ஒன்றில்தான் நானும் குப்பை கொட்டினேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய காலம். கால் அங்குல அகல டேப், வினாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடும். ஆக, ஒருவர் ஒரு வினாடி யோசித்தால் ஏழரை அங்குலம் வீண். மௌனத்துக்கும் சனீஸ்வரனுக்கும் அளவு ஒன்றாக அமைந்தது தற்செயல் என்று எங்களில் யாரும் நம்பவில்லை.

ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் சிலப்பதிகாரம் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போனார். டேப் எடிட்டர் ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, 'அதாவது' எங்கே தொடங்குகிறது என்று காதால் பிடித்து, மஞ்சள் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டிக்கொண்டே போனார். கடைசியில் பேச்சு ஏழு நிமிடமாகியிருந்தது. மிச்சம் மூன்று நிமிடத்து 'அதாவது'வும் 'வந்து'வும் இருமலும் 112 அடி நீளத்துக்குத் தரையில் கிடந்தன. வெளியே போன மூன்று நிமிடத்தை ஈடுகட்ட வீணை போட்டோம். எடிட்டருக்கு மனசு கேட்கவில்லை. தரையில் கிடந்ததை எல்லாம் பொறுக்கி ஒட்டி ஒரு தனி ஸ்பூல் செய்து வைத்துக்கொண்டார். பொருளே இல்லாமல் மூன்று நிமிடம் கணீரென்று ஒலிக்கும் அந்தப் பேச்சை, எவரேனும் பதவி உயர்வு பெற்ற அன்று போட்டுக் காட்டுவார்.

இந்த வானொலி வம்சத்தில் முதல் ஆள் அறிவிப்பாளர். அந்தக் காலத்தில் காலை 7.15க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். அதற்குள் இவர் கடைசி வாக்கியத்தை முடித்து, வழிவிட்டு ஒதுங்க வேண்டும். முந்தினால் மௌனம், பிந்தினால் மோதல். ஆயுள் முழுக்க இதையே செய்தவருக்கு இப்போதும் எந்தப் பேச்சையும் கடிகாரம் பார்க்காமல் முடிக்க வராது. அவர் வீட்டுக்குப் போய், "7.15 பஸ்ஸைப் பிடிக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தொலைந்தது. தெருமுனை இரண்டு நிமிட நடை என்று மனசுக்குள் கழித்துக்கொண்டு, பேரனின் மொட்டை, மாடிக் குழாய் ஒழுகல், பக்கத்து வீட்டு வழக்கு என்று நிரப்பி, 7.13க்குச் சரியாக "வணக்கம்" என்று உங்களைப் படியிறக்கிவிடுவார். பஸ் தாமதமாக வந்தால் அது போக்குவரத்துக் கழகத்தின் தவறு.

ஊரில் அவர் முகம் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் அநாதையாக நிற்பார். "பாமாயில் வந்துட்டுதா?" என்று வாயைத் திறந்த மாத்திரத்தில் வரிசை மொத்தமும் திரும்பும். "சார், நீங்கதானா? குரலைக் கேட்டு ஆள் நல்ல உசரம்னுல்லா நெனச்சேன்!" பாராட்டா இழுக்கா என்று தெரியாமல் பாமாயிலோடு வீடு திரும்புவார்.

இவருக்கு இளைய பங்காளி கேஷுவல் அனவுன்சர். மாதத்துக்கு ஆறு டூட்டிக்கு மேல் தர விதி இடம்கொடாது. மற்ற நாள்களில் அவர் பள்ளிக்கூட வாத்தியாரோ இன்ஷூரன்ஸ் ஏஜென்டோ. ஆனால் விசிட்டிங் கார்டில் 'வானொலிப் புகழ்' என்றுதான் இருக்கும். நிரந்தர அறிவிப்பாளர் வாசலைத் தாண்டியதும் சாதாரண மனிதராகிவிடுவார். கேஷுவலுக்கு அந்த வசதி இல்லை. ஆறு நாள் புகழை முப்பது நாளைக்கும் நிரவ வேண்டும் அல்லவா? பாலிசி பிரீமியம் கட்டச் சொல்லும்போதுகூட, "தொடர்ந்து இணைந்திருங்கள்" என்பார்.

அடுத்தவர் டூட்டி ஆபீசர். ஒலிபரப்பாகும் ஒவ்வொரு நொடியையும் கேட்டு, பிசகினால் லாக் புத்தகத்தில் எழுதுவதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்த மனிதர். பாட்டு நன்றாக இருந்தது என்று அந்தப் புத்தகத்தில் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. 'மாலை 6.42. பன்னிரண்டு வினாடி மௌனம்' என்று மட்டும் முத்து முத்தாக எழுதியிருப்பார். மறுநாள் காலை மீட்டிங்கில் அது விசாரணைக்கு வரும். அறிவிப்பாளர் டேப்பைச் சொல்வார், டேப்காரர் மெஷினைச் சொல்வார், மெஷின்காரர் மின்சார வாரியத்தைச் சொல்வார். பன்னிரண்டு வினாடி யாரும் பேசாததைப் பற்றி எல்லோரும் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு டீ குடிக்கப் போவோம்.

மௌனத்துக்கு அஞ்சாத ஒரே ஆத்மா இன்ஜினீயர். அவருக்குத் தியாகராஜர் கீர்த்தனையும் தென்னைக்கு உரமிடுதலும் ஒன்றுதான். இரண்டிலும் அவர் பார்ப்பது மீட்டரில் ஆடும் முள்ளை. ஒரு வித்வான் உயிரைக் கொடுத்துத் தோடி பாடிவிட்டு வேர்வையோடு வெளியே வந்து, "எப்படி இருந்துது சார்?" என்று ஆவலாகக் கேட்டார். "நடுவுல ரெண்டு மூணு இடத்துல சிகப்புக்குப் போயிட்டுது. மத்தபடி ஓகே" என்றார் இன்ஜினீயர். கரண்ட் போய், ஜெனரேட்டரும் முரண்டு பிடித்து, நிலையம் மொத்தமும் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். "ஈ.பி.காரன் விட்டாத்தானே சார்?" அவ்வளவுதான் அவர் வேதாந்தம்.

பண்ணை நிகழ்ச்சிக்காரரின் கதை வேறு. 1960களில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லியே தஞ்சை வயல்களில் ஆடுதுறை 27 ரகம் பரவி, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. அந்தப் பெருமையில் தனக்கும் பங்கு உண்டு என்பது இவர் எண்ணம். அந்த நெல் விதைத்தபோது இவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தார் என்று சுட்டிக்காட்டுவது நாகரிகம் ஆகாது. ஒலிப்பதிவுக் கருவியோடு வரப்பில் நடந்து, "அண்ணாச்சி, இந்த இலைச்சுருட்டுப் புழுவை எப்படிச் சமாளிச்சிய?" என்று உருக்கமாகக் கேட்பார். அண்ணாச்சியும் இலேசுப்பட்டவர் இல்லை. "நீங்க ரேடியோவுல சொன்ன மருந்தைத்தான் அடிச்சேன்யா. புழு நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எத்தனை அங்குலம் என்று எடிட்டருக்குத் தெரியும். இன்றும் நம் வீட்டு மாடியில் ஒற்றை ரோஜாத் தொட்டியைக் கண்டால் போதும், "ஏக்கருக்கு என்ன மகசூல்?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிடுவார்.

தி. ஜானகிராமனும் அகிலனும் வானொலியில் வேலை பார்த்தவர்கள்தாம். அதன் பலனாக எங்கள் நிலையத்தில் கணக்குப் பிரிவு உட்பட அத்தனை பேர் மேசை இழுப்பறையிலும் முடிக்காத ஒரு நாவல் இருந்தது. நாடகக் கலைஞர்களின் கவலை இலக்கியம் அல்ல, கிரேடு. 'பி'யிலிருந்து 'பி-ஹை'க்கு ஏறியவர், 'பி'யாக இருந்த காலத்துச் சிநேகிதர்களிடம் அரை ஸ்தாயி இறக்கித்தான் பேசுவார். இவர்கள் சோழ சாம்ராஜ்யத்தையே கட்டி ஆளும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பியூன் சிரட்டை இரண்டைத் தட்டிக் குதிரைப்படையை நடத்திக்கொண்டிருப்பார். கிரேடு எதுவும் இல்லாத அவருடைய குதிரைகள்தாம் ஒருநாளும் வசனம் மறக்கவில்லை.

இத்தனை பேரையும் காப்பாற்றியவர்கள் நேயர்கள். ஒரு பாட்டுக்கு ஒரு தபால் அட்டை. ஒரு அட்டையில் ஒரு தெரு. அப்பா, அம்மா, அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை என்று பொடி எழுத்தில் அடுக்கி, மடக்கி ஓரத்திலும் எழுதியிருப்பார்கள். அடுத்த டேப் ஏற்றத் தாமதமானால் அறிவிப்பாளர் கூடுதலாக ஒரு குடும்பத்தை வாசிப்பார். ஒரு கொட்டாவி நேரத்தை அடைக்கத்தான் வாசித்தோம். ஆனால் பீடிக்கடை வாசலில் தன் பெயரைக் கேட்டவர், அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பெரிய நகரத்து நிலையத்தில் யார் பெயரையோ யாரோ கேட்பார்கள். சின்ன ஊரில் பெயரை வாசித்தவரும் பெயருக்கு உடையவரும் மறுநாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். மௌனத்துக்கு நாங்கள் பயந்தது மெமோவால் மட்டும் அல்ல. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

ஆகவே இந்தச் சாதியை வெறும் வாயாடிகள் என்று தள்ளிவிடாதீர்கள். யாருக்கும் பேச வாய் வராத இடத்தில் இவர்கள் அருமை தெரியும். பழைய சக ஊழியர் ஒருவரின் அப்பா தவறிவிட்டார் என்று எல்லோரும் துட்டிக்குப் போயிருந்தோம். பந்தலில் யாருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நாற்காலி நாற்காலியாக மௌனம் பரவிக்கொண்டிருந்தது. கேஷுவல் எழுந்து மைக் எங்கே என்று தேடினார். அதற்குள் அறிவிப்பாளர் மைக் இல்லாமலே எழுந்து, "நீர்மாலைக்குப் போறவங்க புறப்படலாம். பத்து மணிக்கு எடுக்கிறாங்க. வெளியூர்க்காரங்களுக்கு எதிர்வீட்டுத் திண்ணையில காப்பி இருக்கு" என்று அட்சரசுத்தமாக அறிவித்தார். பந்தல் மொத்தமும் மூச்சு விட்டு அசைந்தது. ஆள் ஆளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். மகன் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

எல்லாம் முடிந்து குளித்துவிட்டுத் திரும்பும்போது டூட்டி ஆபீசர் அறிவிப்பாளரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பத்து மணிக்குன்னு சொன்னீரு. பத்து ஏழுக்குத்தான் எடுத்தாங்க. நடுவுல ஏழு நிமிஷம் என்னவே போச்சு?"

அறிவிப்பாளர் தயங்கவே இல்லை.

"கொட்டு அடிச்சாங்கள்லா? வாத்திய இசைன்னு எழுதிக்கிடும்."